பேட்டரியில் ஓடும்போது பிரேக்கர் ஏன் விழவில்லை?

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். 1,000 கேவிஏ டிரான்ஸ்பார்மர், கூரையில் சோலார், 500 கேவிஏ பேட்டரி இன்வெர்ட்டர். வெளி மின்சாரத்தைத் துண்டித்துப் பேட்டரியில் ஓட்டியபோது ஒரு ஃபீடரில் (கிளை மின்தடத்தில்) ஷார்ட் ஆனது. 1,000 ஆம்பியரைத் தாண்டினால் பிரேக்கரைத் திறக்கும்படி வைத்திருந்த ரிலே அசையவில்லை. இன்வெர்ட்டர் நின்று மொத்த ஆலையும் இருண்டது. எல்லா ரிலேயையும் மாற்றி 'அடாப்டிவ் புரொடெக்‌ஷன்' (மின்மூலத்துக்கு ஏற்ப ரிலே செட்டிங் தானாக மாறும் ஏற்பாடு) போட வேண்டும் என்கிறார் ஒப்பந்ததாரர். தேவையா?

பதில்: ரிலேயைக் குறை சொல்ல முடியாது. 400 வோல்ட்டில் உங்கள் டிரான்ஸ்பார்மரின் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) 5 சதவீதம் என்றால் ஷார்ட்டில் ஏறத்தாழ 29,000 ஆம்பியர் பாயும். இன்வெர்ட்டரின் முழு மின்னோட்டமே 722 ஆம்பியர்தான். தன் உள்பாகங்களைக் காக்க, பழுதின்போதும் அது இதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகத் தரும். 1.2 மடங்கு என்றால் 866. ஆயிரத்தைத் தொடவே இல்லையே, ரிலே எப்படி விழும்?

சரி, செட்டிங்கை 600க்கு இறக்கிவிடலாமா? பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆனாலே விழுந்துவிடும். அதனால் வோல்டேஜையும் சேர்த்துப் பார்க்கும் ஓவர்கரன்ட் (மிகை மின்னோட்ட) செட்டிங் வேண்டும். ஷார்ட்டில் வோல்டேஜ் அடியோடு சரியும், மோட்டார் ஸ்டார்ட்டில் அவ்வளவு சரியாது. அதோடு, இன்வெர்ட்டர் நிற்பதற்குள் ரிலே முந்திக்கொள்ள வேண்டும். வோல்டேஜ் குறைந்தபின் இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

புதிய ரிலே வாங்குமுன் இருப்பதன் கையேட்டைப் புரட்டுங்கள். இன்றைய டிஜிட்டல் ரிலேக்களில் பெரும்பாலும் பல செட்டிங் குரூப்கள் (முன்பே சேமித்து வைக்கும் செட்டிங் தொகுப்புகள்) இருக்கும். உங்களுக்கு இரண்டு போதும், கிரிட்டுக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. வெளி மின்சாரம் உள்ளே வரும் இன்கமர் பிரேக்கரின் துணைக் கான்டாக்டிலிருந்து (பிரேக்கர் திறந்ததா மூடியதா என்று காட்டும் சுவிட்ச்) வயர் இழுத்தால் குரூப் தானாக மாறும். ஐஇசி 61850 (ரிலேக்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் தரநிலை) நெட்வொர்க் எல்லாம், பல மூலங்கள் மாறி மாறிச் சேரும் பெரிய அமைப்புக்கு. (சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் 2013இல் தொடங்கிய மைக்ரோகிரிட், அதாவது சிறு மின்கட்டம், பிரதான மின்கட்டத்தோடு இணைந்ததே இல்லை. அதனால் அதை உங்களுக்கு உதாரணமாகக் காட்டினால் நம்ப வேண்டாம்.)

அப்புறம் எர்த்திங். இன்கமர் திறந்ததும் டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் எர்த்தும் உங்களைவிட்டுப் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால், பேட்டரி பக்கம் நியூட்ரலை எர்த் செய்யும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். ரிலே செட்டிங்கைவிட இதுதான் அவசரம், உயிர் சம்பந்தப்பட்டது.

எதையும் உங்கள் எல்இடபிள்யூ (உரிமம் பெற்ற மின்பணியாளர்) மூலமாகவே செய்யுங்கள். இரண்டு குரூப்பையும் தனித்தனியாக இன்ஜெக்‌ஷன் டெஸ்ட் (ரிலேக்குள் சோதனை மின்னோட்டம் செலுத்திப் பார்ப்பது) செய்து, குரூப் மாறுவதையும் பிரேக்கரைத் திறந்து மூடிச் சோதித்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.