சாட்ஸ்வர்த்தில் கேட்ட பாட்டுகள் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். டர்பனிலேயே இன்னொரு பகுதியான கேட்டோ மேனரிலிருந்து உங்கள் குடும்பத்தை நிறவெறி ஆட்சி கிளப்பி லாரியில் ஏற்றிய கதையைப் படித்தபோது வயிறு கலங்கியது. அடுத்த பத்தியிலேயே யோயோ, கந்தல் பொம்மை, அண்ணாவின் ரேடியோ, ஆங்கிலப் பாப் பாட்டு என்று சந்தோஷமாகப் போய்விட்டீர்கள். அந்த இடம் எனக்கு ஒட்டவில்லை.

நானும் எழுபதுகளில் வளர்ந்தவன்தான். இலங்கை வானொலி கேட்டு, திருவிழாக் கடையில் வாங்கிய தகர விசிலை ஊதித் திரிந்தவன். எனக்கு அந்த நாட்கள் இனிப்பதில் வியப்பில்லை. தோல் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெஞ்சில் உட்கார விடுவோம் என்ற ஊரில் கழிந்த பிள்ளைப் பருவம் எப்படி இனிக்கும்? இனித்தது என்று எழுதினால் அந்த ஆட்சிக்கு நற்சான்று கொடுத்தது போல ஆகாதா? தவறாகக் கேட்டிருந்தால் மன்னியுங்கள்.

இன்னொன்று: கடற்கரையில் பஸ்ஸிலிருந்து ஒரு பாட்டு கேட்டதாக ஒரு வரி இருந்தது. அது என்ன பாட்டு?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

தவறே இல்லை. இதே கேள்வியை என் மகள் கேட்டிருக்கிறாள், உங்களைவிடக் காரமாக. அவளுக்குச் சரியாகப் பதில் சொல்ல அன்று எனக்கு வரவில்லை. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் யோசித்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இனித்தது. அதை நான் திரும்பப் பெறமாட்டேன்.

நான் பிறந்தது 1965இல். மறு வருடம் எங்களை சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டுவந்து போட்டார்கள். உள்ளே எங்கள் பகுதிக்குப் பெயர்கூடக் கிடையாது, யூனிட் இத்தனை என்று எண்தான். ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒரே மாதிரி வீடுகள். மண் கூடத் தோட்டத்துக்கு ஆகாத மண் என்று ஆயா, என் பாட்டி, சொல்வாள். எனக்கு வேறு ஊர் தெரியாது. எனக்கு அதுதான் உலகம். அந்த உலகத்தின் நடுவில் அண்ணாவின் ரேடியோ இருந்தது.

அண்ணா என்னைவிட ஒன்பது வயது பெரியவர். ஞாயிறு இரவு லொரென்சோ மார்க்கெஸ் நிலையத்தைப் பிடிக்க அவர் படும் பாடு இருக்கிறதே! பக்கத்து நாடான மொசாம்பிக்கின் தலைநகரை இன்றைக்கு மபூட்டோ என்று சொல்கிறோமே, அந்த ஊர்தான். அப்போது போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. அங்கிருந்து ஆங்கிலத்தில் பாப் பாட்டு ஒலிபரப்பினார்கள். சிற்றலையில் பாட்டு வரும், பாதியில் மங்கும், யாரோ கடலுக்குள் இழுத்துக்கொண்டு போவது போலப் போய்விட்டுத் திரும்பி வரும். அண்ணா ஏரியல் கம்பியைக் கையில் பிடித்தபடி நிற்பார். அவர் நகர்ந்தால் பாட்டும் நகரும். அவருக்குக் கை வலித்தால் நான் போய்ப் பிடித்துக்கொள்வேன். மொசாம்பிக் விடுதலை பெற்றது 1975 ஜூனில். அந்த அக்டோபரிலேயே நிலையம் நின்றுபோனது. அந்த நாடு விடுதலை பெற்றதில் அண்ணாவுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் யாரிடமும் பேசவில்லை. இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்தன. இதைத்தான் மகளிடம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆட்சிக்கு நற்சான்றா என்று கேட்டீர்கள். அந்தப் பாட்டுகளுக்குள்ளும் ஆட்சி கை வைத்திருந்தது. ஏசுவைவிட எங்களைத்தான் இப்போது ஜனங்களுக்குப் பிடிக்கிறது என்கிற மாதிரி ஜான் லெனன் பேசியது வெளியானதும், 1966இல் அரசு வானொலி பீட்டில்ஸை மொத்தமாகத் தடை செய்தது. 1971 வரை அந்தத் தடை இருந்தது. தடை விலகியபோது அந்தக் குழுவே கலைந்துவிட்டிருந்தது. என் வயதுக்காரர்கள் இங்கே பீட்டில்ஸைப் பழைய பாட்டாகத்தான் முதன்முதலில் கேட்டோம். தடையான பாட்டை எந்த அறிவிப்பாளரும் மறந்துகூடப் போட்டுவிடக் கூடாதென்று, அரசு வானொலியின் நூலகத்தில் இசைத்தட்டின் அந்தப் பகுதியை மட்டும் கூரிய ஆணியால் கீறி வைத்திருந்தார்கள். அப்படிக் கீறிய தட்டுகளைப் பிற்பாடு ஆவணப் படங்களில் பார்த்தேன். என் காதுக்கு வராமல் போன பாட்டெல்லாம் அந்தக் கீறலில் இருக்கிறது. வந்து சேர்ந்ததை ஏன் நேசித்தாய் என்று ஒரு பிள்ளையிடம் கேட்க முடியுமா?

வந்து சேர்ந்ததும் அசல் இல்லை. இதைத்தான் உங்களிடம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

ஸ்பிரிங்பாக் ஹிட் பரேட் என்று ஒரு வரிசை இசைத்தட்டுகள் வரும். அட்டையில் ஒரு பெண்ணின் படம். உள்ளே அப்போது பிரபலமான பாட்டுகள் எல்லாம் இருக்கும். விலை குறைவு, அதனால்தான் எங்கள் வீட்டுக்கும் வந்தது. பாடியவர்கள் அந்தப் பிரபலங்கள் கிடையாது. இங்கேயே ஸ்டூடியோவில் கூலிக்குப் பாடும் ஆட்கள், அசலைப் போலவே பாடிக் கொடுத்தவர்கள். அட்டையில் அவர்களுடைய பெயர் இருக்காது. எனக்கு இது தெரியாது. ஸ்வீடன் நாட்டு அப்பா குழுவின் பாட்டு அதில் இருந்தது. அண்ணா குழுவின் பெயரைச் சொன்னதும் ஆயா திண்ணைப் படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரோட அப்பா பாடுறாரு?" என்று கேட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் அது "அப்பா பாட்டு" ஆகிவிட்டது. அம்மாவும் அப்படித்தான் சொல்வார்.

அந்தத் தட்டைத் தேயத் தேயக் கேட்டு வளர்ந்தேன். இந்தக் குரல் எங்கே மூச்சு வாங்கும், எங்கே ஒரு சொல்லை லேசாக விழுங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். முப்பது வயதுக்குப் பிறகு ஒரு நாள் சிடியில் அசலைக் கேட்டேன். கேட்டதும் தப்பாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. யாரோ என் பாட்டைப் பார்த்துப் பாடியது போல இருந்தது. உலகமே கொண்டாடும் குரல் அது, எனக்கு அந்நியமாகப் பட்டது. ஜோகன்னஸ்பர்க்கில் ஏதோ ஒரு அறையில் நின்று, சம்பளத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போன பெண் ஒருத்தியின் குரல்தான் எனக்குப் பிள்ளைப் பருவத்துக் குரல். அவர் யாரென்று தெரிந்தால் போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன். அவர் அநேகமாக வெள்ளைக்காரர்தான். அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் பாடினார், என் வீட்டில் கேட்டது.

எங்கள் ஊர்ப் பையன்களும் பாடினார்கள். தி ஃபிளேம்ஸ் என்று டர்பன் குழு. 1968இல் அவர்கள் பதிந்த ஒரு காதல் பாட்டு இன்றும் இங்கே கல்யாண வீட்டில் ஒலிக்கும். அவர்கள் லண்டன் போனார்கள், அமெரிக்கா போனார்கள். அவர்களில் ரிக்கி ஃபத்தாரும் பிளாண்டி சாப்ளினும் 1972இல் பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழுவில் சேர்ந்தார்கள். அண்ணா அந்தச் செய்தியைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். கடற்கரைப் பையன்கள் என்று பெயர் வைத்த குழு. சொந்த ஊர்க் கடற்கரையின் நல்ல மணலில் கால் வைக்க அந்த இருவருக்கும் சட்டம் இடம் தரவில்லை.

அந்தக் கடற்கரைக்கு வருகிறேன். டர்பனில் கடலைக்கூடப் பிரித்து வைத்திருந்தார்கள். நடுவில் ராட்டினமும் பிள்ளைகள் இறங்கி விளையாடும் குளமும் இருந்த பகுதி வெள்ளையருக்கு. நாங்கள் வடக்கே தள்ளிப் போக வேண்டும். போகும் வழியில் பஸ் அந்த ராட்டினத்தைக் கடந்து போகும். அம்மா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார், எதையாவது பேசுவார், பையிலிருந்து முறுக்கு எடுத்துத் தருவார். நான் ராட்டினத்தைப் பார்த்துக் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஒரு நாள் அங்கிருந்த ஒலிபெருக்கியில் எங்கள் வீட்டுப் பாட்டு வந்தது. முகத்தைத் திருப்பலாம், காதை என்ன செய்வது? "அம்மா, நம்ம பாட்டு!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அவர் கண் ஏன் கலங்கியது என்பது எனக்குப் புரியப் பதினைந்து வருடம் ஆனது.

அந்தப் பஸ்ஸும் முறுக்கும் பாட்டும் எனக்கு வேண்டும். 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற அந்தப் பலகைகள் வேண்டாம். இரண்டையும் பிரித்து எடுக்க முடியாது என்கிறாள் மகள். எனக்கு முடிகிறது. என் அம்மா அன்றைக்குச் செய்ததே அந்தப் பிரிப்பைத்தானே?

பொம்மை பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். கடையில் விற்ற பொம்மை எல்லாம் மஞ்சள் முடி, நீலக் கண். எனக்கு அதுவும் கிடைக்கவில்லை, விலை அப்படி. அம்மா உடுப்புத் தைக்கும் ஆலையில் வேலை பார்த்தார். சாட்ஸ்வர்த்தில் பாதி வீட்டுப் பெண்கள் அந்த வேலைக்குத்தான் விடிவதற்கு முன்னால் பஸ் ஏறுவார்கள். வெட்டி மிஞ்சிய துண்டுத்துணியைக் கொண்டுவந்து எனக்கொரு பொம்மை தைத்துக் கொடுத்தார். அன்றைக்கு மிஞ்சியது காக்கித் துணி. அதனால் பொம்மை எங்கள் நிறத்தில் வந்தது. தெருவிலேயே எங்கள் நிறத்தில் இருந்த ஒரே பொம்மை அதுதான். அம்மா அதை யோசித்துச் செய்யவில்லை, துணி அதுதான் இருந்தது என்று சாகும்வரை சொன்னார்.

பையன்களுக்குக் கம்பிக் கார். வேலிக் கம்பியை வளைத்து, நகெட் ஷூ பாலிஷ் டப்பா மூடியைச் சக்கரமாக்கி, நீளக் கம்பியில் ஸ்டியரிங் வைத்து நடந்துகொண்டே ஓட்டுவார்கள். அப்புறம் வியூமாஸ்டர், கண்ணில் வைத்துப் படம் பார்க்கும் பொம்மைப் பெட்டி. வசதியான ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தது. ஒரு வட்டத் தட்டில் ஏழு படம். நிலாவில் மனிதன் இறங்கியதை நான் அதில்தான் பார்த்தேன். 1969இல் உலகம் டிவியில் பார்த்தபோது இந்த நாட்டில் டிவியே கிடையாது. மக்கள் கெட்டுப்போவார்கள் என்று அமைச்சர் ஒருவர் வருடக்கணக்காகத் தடுத்துவைத்திருந்தார். 1976 ஜனவரி 5ஆம் தேதிதான் முறைப்படி டிவி வந்தது. நாங்கள் பக்கத்து வீட்டு ஜன்னலில் தொங்கினோம். ஒரு முயல் பொம்மை ஆஃப்ரிகான்ஸ் மொழியில் செய்தி வாசித்தது. ஒரு சொல் புரியாமலே சிரித்தோம். ஐந்து மாதம் கழித்து, ஜூனில், ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவில், பள்ளிகளில் அதே மொழியைத் திணித்ததற்காகத் தெருவில் இறங்கிய பிள்ளைகளைச் சுட்டார்கள். எனக்குப் பதினொரு வயது. செத்தவர்களில் என் வயதை ஒட்டியவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த முயல் எனக்குச் சிரிப்பு மூட்டவில்லை. என் ஏக்கத்திலும் அதற்கு இடம் இல்லை. ஏக்கத்துக்கும் தேர்வு உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் பயம் நியாயமானதுதான். அந்தக் காலமே மேல், தெருவில் பயமில்லை, வேலை கிடைத்தது என்று எங்கள் சாட்ஸ்வர்த்திலேயே பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் உறவிலும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் சாப்பாட்டு மேசையில் சண்டை போடுகிறேன். யாருக்குப் பயமில்லாமல் இருந்தது என்று கேட்கிறேன். எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டான பாஸ் இல்லாமல் பிடிபட்ட ஆப்பிரிக்கர் வீட்டில் போய்க் கேளுங்கள் என்கிறேன். ஒரு பாட்டை நேசிப்பதும் அந்தச் சட்டத்தை நியாயப்படுத்துவதும் ஒன்றாகிவிடக் கூடாது என்பதில் உங்களைப் போலவே நானும் கறாராக இருக்கிறேன்.

ஆயாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. அவள் சாகும்வரை கேட்டோ மேனருக்காக ஏங்கினாள். அங்கே என்ன இருந்தது? தகர வீடு. மழை வந்தால் வாசலில் சேறு. 1949 ஜனவரியில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் டர்பனில் 142 பேர் செத்தார்கள். ஆயாவின் வீடும் அதில் எரிந்தது. எரிந்த இடத்திலேயே திரும்பக் கட்டினாள். அதையும் 1966இல் பிடுங்கினார்கள். வெள்ளையருக்கு என்று பிடுங்கிய அந்த நிலத்தில் பெரும்பகுதி பல வருடம் காலியாகப் புல் மண்டிக் கிடந்தது. இவ்வளவுக்கும் பிறகு, "அங்க தண்ணி இனிப்புடி" என்பாள் ஆயா. சாட்ஸ்வர்த் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் சொல்வாள். வீட்டை எரித்த ஊர் எப்படி இனிக்கும் என்று நாங்கள் யாரும் அவளைக் கேட்டதில்லை.

1973 ஜனவரியில் டர்பன் ஆலைகளில் வேலைநிறுத்தம் பரவியது. அண்ணா வேலை பார்த்த துணி ஆலையும் சில நாள் நின்றது. அம்மா அரிசியை அளந்து அளந்து போட்டார். அந்த நாட்களில் அண்ணா பகலெல்லாம் வீட்டில் இருந்தார், ரேடியோ பகலெல்லாம் பாடியது, எனக்குக் கம்பிக் கார் செய்து கொடுத்தார். பெரியவர்கள் வயிற்றில் நெருப்போடு இருந்த அந்த நாட்கள்தான் எனக்கு அந்த வருடத்திலேயே நல்ல நாட்கள். இதை அண்ணாவிடம் போன மாதம்தான் முதன்முதலாகச் சொன்னேன். போனில் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "எனக்கும்தான்," என்றார்.

பஸ்ஸில் கேட்டது என்ன பாட்டு என்று கேட்டிருந்தீர்கள். அப்பா பாட்டுதான் என்று எனக்கு உறுதியாக நினைவிருக்கிறது. அண்ணா ஒத்துக்கொள்வதில்லை. அந்தத் தட்டு நம் வீட்டுக்கு வந்ததே அதற்கு அடுத்த வருடம், நீ கேட்டது ஃபிளேம்ஸ் பாட்டாகத்தான் இருக்கும் என்கிறார். ஒவ்வொரு தடவை பேசும்போதும் இதற்குச் சண்டை வருகிறது. அம்மாவைக் கேட்டிருக்கலாம். அவருக்குப் பாட்டு ஞாபகம் இருந்திருக்காது, முறுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

அன்புடன்.