வி1 என்பது யோசிக்கும் நேரம் அல்ல: விமானி நேர்முகத் தேர்வு கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விமான நிறுவனத் தொழில்நுட்பத் தேர்வைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் அனுப்பியிருந்தால், தெளிவாகக் கேட்டவருக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். ஊர்ப்பெயர் போதும் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் அப்படியே.

வியாசர்பாடி, ஒரு தந்தை: மகன் சிபிஎல் (வணிக விமானி உரிமம்) முடித்துவிட்டான். இன்னும் இருபது நாளில் நேர்முகத் தேர்வு. எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கச் சொல்லட்டும்?

அவர் பறந்த பயிற்சி விமானத்தின் கையேட்டிலிருந்து. மேசைக்கு எதிரே இருப்பவர் முதலில் புரட்டுவது லாக்புக்கை (பறந்த நேரக் குறிப்பேட்டை). ஏர்பஸ் 320-இன் ஹைட்ராலிக் அமைப்புகளைப் பச்சை, நீலம், மஞ்சள் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்த ஒருவரிடம், 'நீங்கள் 200 மணி நேரம் பறந்த செஸ்னாவில் பிரேக் எதனால் இயங்குகிறது?' என்று கேட்டேன். பதில் வரவில்லை. அதுவும் ஹைட்ராலிக்தான். தொட்டியில் எவ்வளவு எரிபொருள், அதில் பயன்படுத்த முடியாதது எவ்வளவு, ஆல்டர்னேட்டர் செயலிழந்தால் எவையெல்லாம் அணையும் என்பதையெல்லாம் அவர் தூக்கத்திலும் சொல்ல வேண்டும். பெரிய ஜெட் விமானங்கள் அதற்குப் பிறகு.

கொடுங்கையூர்: ஒரே ஐஏஎஸ்ஸில் (வேகமானி காட்டும் வேகத்தில்) மேலேறினால் மாக் எண் (ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்ட வேகம்) கூடுமா, குறையுமா?

கூடும். அடுத்த கேள்விக்கும் தயாராகப் போங்கள்: ஒரே மாக் எண்ணில் ஏறினால் ஐஏஎஸ் குறையும். ட்ரோபோபாஸ் (உயரம் கூடக்கூட வெப்பநிலை குறைவது நிற்கும் எல்லை) வரை, அதாவது தர வளிமண்டலத்தில் (கணக்குக்காக வகுத்த மாதிரி வளிமண்டலத்தில்) சுமார் 36,000 அடி வரை, டிஏஎஸ்ஸும் (காற்றில் உண்மையான வேகமும்) குறையும், ஏனென்றால் ஒலியின் வேகம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது, மேலே போகப்போக வெப்பநிலை குறைகிறது. ஐஏஎஸ், டிஏஎஸ், மாக் என்ற மூன்று கோடுகளை ஒருமுறை தாளில் வரைந்து பாருங்கள். பிறகு மறக்காது.

எண்ணூர்: புயல் நேரத்தில் காற்றழுத்தம் குறையும்போது ஆல்டிமீட்டர் (உயரமானி) கூடுதலாகக் காட்டுமா, குறைவாகக் காட்டுமா? ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன்.

கூடுதலாகக் காட்டும். ஆல்டிமீட்டர் அளப்பது அழுத்தத்தை, உயரத்தை அல்ல. அழுத்தம் குறைந்தால் 'மேலே போய்விட்டோம்' என்று அந்தக் கருவி எடுத்துக்கொள்கிறது. கரையை நெருங்கும் புயலால் கியூஎன்எச் (கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம்) 993-க்கு இறங்கியிருக்கிறது, நீங்கள் கருவியில் வைத்த தர அழுத்தமான 1013-ஐ மாற்றாமல் விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 20 ஹெக்டாபாஸ்கல். ஒன்றுக்கு 30 அடி என்று போட்டால் 600 அடி. கருவி 2,000 அடி என்று காட்டும்போது நீங்கள் பறப்பது 1,400 அடியில். சரியான மதிப்பு கடல்மட்டத்தில் 27 அடிதான். ஆனாலும் தேர்வு அறையில் 30 போதும், அலகைச் சேர்த்துச் சொன்னால். அலகு சொல்லாத எண்ணை நான் விடையாக ஏற்றதே இல்லை.

புளியந்தோப்பு: விமானம் மேலெழும்ப எத்தனை மீட்டர் ஓடுபாதை தேவை? உடனே பதில் வேண்டும்.

எந்த விமானம்? என்ன எடை? என்ன வெப்பநிலை? காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? ஓடுபாதை காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா? ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) எவ்வளவு? இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் ஓர் எண்ணைக் கேட்கிறீர்கள். இதே கேள்வியை உங்களிடம் தேர்வாளர் கேட்டால், நான் இப்போது கேட்டவற்றை நீங்கள் அவரிடம் திருப்பிக் கேட்க வேண்டும். அதுதான் அவர் எதிர்பார்க்கும் விடை.

பெரம்பூர்: கத்திரி வெயிலில் மீனம்பாக்கத்தில் 40 டிகிரி இருக்கும்போது டேக்-ஆஃப் செயல்திறன் எப்படிப் பாதிக்கப்படும்? அடர்த்தி உயரம் (காற்றின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் விமானம் இருப்பதுபோல் ஆகும் உயரம்) எவ்வளவு என்று கணக்கிடுவது?

புளியந்தோப்புக்காரர் கேட்டிருக்க வேண்டிய முறை இது. தர வளிமண்டலத்தில் கடல்மட்ட வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ். 40 என்றால் 25 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 120 அடி என்றால் 3,000 அடி. மே மாதத்தில் அழுத்தமும் 1013-க்குக் கீழே இருக்கும் என்பதால் இன்னொரு 300 அடியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் நிற்கிறீர்கள், ஆனால் உங்கள் விமானம் ஏற்காட்டுக்குப் பாதி வழி ஏறியதுபோல நடந்துகொள்ளும். அதே ஐஏஎஸ்ஸுக்கு டிஏஎஸ் ஏறக்குறைய 5 சதவீதம் கூடும், ஓட்டம் நீளும், ஏறும் கோணம் தட்டையாகும்.

ஜெட் எஞ்சின்களில் பலவும் சுமார் 30 டிகிரி வரை முழு உந்துவிசை தரும்படி வரையறுக்கப்பட்டவை. அதற்கு மேல் வெப்பம் கூடக்கூட உந்துவிசை குறையும். இன்னொன்று: புழுக்கமான காற்று கனமானது என்று பலர் எழுதுகிறீர்கள். தவறு. நீராவி உலர்ந்த காற்றைவிட இலேசானது. புழுக்கம் அடர்த்தியைக் குறைக்கிறது.

தண்டையார்ப்பேட்டை: 1,200 கேள்விகள் கொண்ட ஒரு வினா-விடைத் தொகுப்பைப் பணம் கொடுத்து வாங்கினேன். அதில், 'வி1 என்பது டேக்-ஆஃபைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று விமானி முடிவெடுக்கும் வேகம்' என்று இருக்கிறது. இதை அப்படியே சொல்லலாமா?

சொல்லாதீர்கள். இந்த ஒரு வரியோடு பல ஆண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். தொகுப்பை எழுதியவர் பெயர் தெரியாது, கைக்குக் கை மாறி ஒவ்வொரு வகுப்பிலும் அதே பிழை வந்து நிற்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வி1-ஐ அடையும்போது முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். நிறுத்துவதானால், நிறுத்துவதற்கான முதல் செயல் அந்த வேகத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். 'வி1' என்ற குரல் கேட்டதும் யோசிக்க ஆரம்பிப்பவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டார். அந்த நேரத்தில் விமானம் நொடிக்குச் சுமார் 4 நாட் (மணிக்குச் சுமார் 7 கிலோமீட்டர்) வேகம் கூட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் வி1-இல் கேப்டன் திராட்டிலிலிருந்து கையை எடுக்கிறார். அது சடங்கு அல்ல. 'இனி நிறுத்தமாட்டோம்' என்பதைக் கைக்கும் சொல்லிவைக்கும் ஏற்பாடு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் உயர்கிறது. 75 டன் விமானம் 100 நாட்டில் ஓடும்போது அதன் ஆற்றல் சுமார் 100 மெகாஜூல். 140 நாட்டில் அது ஏறக்குறைய 200. வேகம் 40 சதவீதம்தான் கூடியது, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்காகிவிட்டது. உங்கள் வீட்டருகே கும்மிடிப்பூண்டி தடத்தில் போகும் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். 500 டன் ரயில் மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடினால் அதன் ஆற்றலும் இதே 200 மெகாஜூல்தான். ரயிலில் பெட்டிக்குப் பெட்டி சக்கரங்கள் இருக்கின்றன. அந்த விமானத்தில் பிரேக் உள்ள சக்கரங்கள் நான்கு. காய்ந்த ஓடுபாதைக்கான நிறுத்தக் கணக்கில் ரிவர்ஸ் உந்துவிசை சேர்க்கப்படுவதும் இல்லை.

இதைப் புரிந்துகொண்டால் அடுத்தடுத்த கேள்விகள் தாமே அவிழும். ஓடுபாதை நனைந்திருந்தால் வி1 ஏன் குறைகிறது? நிற்க அதிக தூரம் வேண்டும், எனவே முன்னதாகவே முடிவு வேண்டும். அதற்கு விலையாக, எஞ்சின் செயலிழந்தபின் ஓடுபாதை முனையில் இருக்க வேண்டிய உயரம் 35 அடியிலிருந்து 15 அடியாகத் தளர்த்தப்படுகிறது. வி1-க்குக் கீழ் எல்லை எது? விஎம்சிஜி (ஓர் எஞ்சின் நின்றாலும் தரையில் நேராக ஓட்ட முடிகிற குறைந்தபட்ச வேகம்). மேல் எல்லை? விஆர் (மூக்கைத் தூக்கும் வேகம்), அதோடு பிரேக் தாங்கும் ஆற்றல் வரம்பு.

ஒருவரிடம் கேட்டேன்: 'வி1 தாண்டி 3 நாட், எஞ்சின் தீ எச்சரிக்கை மணி அடிக்கிறது. சென்னையின் முதன்மை ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல். முன்னால் நிறைய தூரம் தெரிகிறது. என்ன செய்வீர்கள்?' வரையறையைப் பிழையில்லாமல் ஒப்பித்த அவர், 'தூரம் இருந்தால் நிறுத்துவேன்' என்றார். தொடர்ந்து பறப்பதுதான் விடை. எரியும் எஞ்சினோடு மேலே போய், பாதுகாப்பான உயரத்தில் நடைமுறைப்படி அதை அணைத்துவிட்டுத் திரும்பி வரலாம், அதற்காகத்தான் விமானம் சான்றளிக்கப்பட்டிருக்கிறது. கண்ணால் அளந்த தூரத்தை நம்பி 150 நாட்டில் பிரேக் பிடிப்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அந்த இளைஞர் கெட்டிக்காரர். அவரைக் கெடுத்தது அந்த ஒரு வரி.

தொகுப்பை வைத்துக்கொள்ளுங்கள், கேள்விகளுக்காக மட்டும். விடைப் பகுதியைக் கிழித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் 'ஏன்' என்று நீங்களே எழுதுங்கள்.

காசிமேடு: நான் தமிழ்வழியில் படித்தவள். அப்பா கடலுக்குப் போகிறவர். மெட்டார் (விமான நிலைய வானிலை) அறிக்கையில் காற்றின் திசை, வருகிற திசையா, போகிற திசையா என்று வகுப்பில் தடுமாறிவிட்டேன்.

தடுமாற வேண்டாம் மகளே, விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. வாடை வடக்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து வருவது. மெட்டாரும் அப்படியே, காற்று புறப்பட்ட திசையைத்தான் சொல்கிறது. 090 டிகிரி, அதாவது கிழக்கு, என்றால் கொண்டல். விமானம் காற்றை எதிர்த்தே ஏறும், இறங்கும். தென்மேற்குப் பருவ நாட்களில் காலையில் மேலைக்காற்றுக்கு மேற்கு நோக்கிய 25-ஆம் ஓடுபாதையும், பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்ததும் கிழக்கு நோக்கிய 07-உம் பயன்படுவது இதனால்தான். கடற்காற்று எப்போது எழும் என்று அப்பாவுக்குத் தெரியும். அவரிடம் கேட்டு, தரையும் கடலும் சூடேறும் வேகத்தை வைத்து அதை விளக்கிப் பழகுங்கள். பாடப்புத்தகத்தில் உள்ளதைவிட நல்ல விடை அமையும்.

ஒரு நுணுக்கம்: எழுத்தில் வரும் மெட்டார் காற்று உண்மை வடக்கைக் கொண்டது, கோபுரத்திலிருந்து காதில் கேட்பது காந்த வடக்கைக் கொண்டது. ஓடுபாதை எண்ணும் காந்த வடக்கே. சென்னையில் இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறியது, ஆனால் கேள்வி வரும். ஆங்கிலத்தைப் பற்றிய கவலைக்கும் வழி இருக்கிறது: சிறு வாக்கியங்களில் சொல்லுங்கள், தாள் கேட்டு வாங்கிப் படம் வரையுங்கள். படம் வரைந்து விளக்கிய யாரையும் நான் மொழிக்காகக் குறைத்து மதிப்பிட்டதில்லை.

திருவொற்றியூர்: கார்புரேட்டரில் பனி பற்றி ஏன் கேட்கிறார்கள்? நம் ஊர் வெயிலில் பனி ஏது?

படிக்காமல் கேட்டிருக்கிறீர்கள். வெளியே 25 முதல் 30 டிகிரி, காற்றில் நல்ல ஈரம், எஞ்சின் குறைந்த சக்தியில்: பனி படிய இதுவும் தோதான சூழ்நிலைதான். வென்சூரியில் (கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில்) அழுத்தம் விழுவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் உள்ளே வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல்கூடச் சரியும். நம் கடலோரத்துக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் நீங்கள் பறந்த செஸ்னா 172 புதிய வகை என்றால் அதில் கார்புரேட்டரே இராது, எரிபொருள் நேரடியாகச் செலுத்தப்படும். முதலில் லாக்புக்கில் உள்ள விமானத்தைப் படியுங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் தகும்.

ராயபுரம்: டிகாஸ் (வானில் மோதலைத் தவிர்க்கும் கருவி) 'மேலே ஏறு' என்கிறது, கட்டுப்பாட்டாளர் 'கீழே இறங்கு' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

டிகாஸ் சொல்வதை. 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே ஒரு விமானம் டிகாஸைப் பின்பற்றி இறங்கியது, மற்றது டிகாஸ் ஏறச் சொல்லியும் கட்டுப்பாட்டாளர் சொற்படி இறங்கியது. 71 பேர் இறந்தனர். நம் நாட்டில் 1996 நவம்பர் 12 சர்க்கி தாத்ரி மோதலையும் படித்துவிட்டுப் போங்கள். 349 உயிர்கள். இந்திய வான்பரப்பில் இக்கருவி கட்டாயமானது அதற்குப் பிறகே.

மணலி: போகிப் புகையில் விமானங்கள் திரும்பிப் போவது ஏன்? கருவித் தரையிறக்க வசதிதான் இருக்கிறதே?

வசதி இருந்தாலும் வரம்பு உண்டு. அந்த வசதியின் (ஐஎல்எஸ்) முதல் வகைக்கு முடிவு உயரம் (அதற்குள் ஓடுபாதை தெரியாவிட்டால் மேலே திரும்ப வேண்டிய உயரம்) 200 அடி, ஓடுபாதைப் பார்வைத் தூரம் 550 மீட்டர். மார்கழிப் பனிமூட்டத்தோடு போகிப் புகை சேர்ந்தால் பார்வைத் தூரம் அதற்கும் கீழே போகிறது. விமான நிலையத்துக்கு 1,000 அடி மேலே வருவதற்குள் அது வரம்புக்குக் கீழே விழுந்திருந்தால் அணுகுதலைத் தொடரக் கூடாது. 1,000 அடியைத் தாண்டியபின் விழுந்தால் முடிவு உயரம் வரை வரலாம். இந்த இரண்டாம் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மாதவரம்: நனைந்த ஓடுபாதையில் டயர் நீரின்மேல் வழுக்கும் வேகத்துக்குச் சூத்திரம் உண்டாமே?

உண்டு. டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்குங்கள். அழுத்தம் பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), விடை நாட் அலகில். அலகு, அலகு! 200 பிஎஸ்ஐ என்றால் சுமார் 127 நாட். உங்கள் பயிற்சி விமானத்தின் 30 பிஎஸ்ஐக்குச் சுமார் 50. இது சுழலும் சக்கரத்துக்கு. சுழலாத சக்கரத்துக்கு 9-க்குப் பதில் 7.7.

வண்ணாரப்பேட்டை: கையேட்டில் போட்டிருக்கும் ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) வேகத்துக்கு மேலே இருந்தால் ஸ்டால் ஆகாதுதானே?

ஆகும். இறக்கை ஸ்டால் ஆவது ஒரு கோணத்தில், ஒரு வேகத்தில் அல்ல. கையேட்டு எண், குறிப்பிட்ட எடையில், நேராக, சாயாமல் பறக்கும்போது மட்டும் பொருந்தும். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்வில் திரும்பினால் சுமை இரண்டு மடங்கு, ஸ்டால் வேகம் 1.4 மடங்கு. 50 நாட் என்று நம்பிக்கொண்டிருந்தது 70 ஆகிவிடும்.