போடி மலைகளில் நடக்க வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

போடிநாயக்கனூர்தான் எனக்குச் சொந்த ஊர். குரங்கணி, கொட்டகுடிப் பக்கம் சின்ன வயதிலிருந்தே நடந்து பழகியவன். மலையேற வருகிறவர்கள் என்னிடம் கேட்டவற்றில் பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணே, நாங்கள் ஆறு பேர். குரங்கணியிலிருந்து மலை மேலே இருக்கிற டாப் ஸ்டேஷன் வரைக்கும் நாங்களே ஏறிவிடலாமா? வழி போனில் இருக்கிறது.

வேண்டாம் தம்பி. குரங்கணிக்கு மேலே பாதை காப்புக்காட்டுக்குள் போகிறது. அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்தார்கள். அதில் குரங்கணி – சாம்பலாறு பாதையும் ஒன்று. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புவார்கள். முதல் தடவை வருகிறவர்கள் அதில் வருவதுதான் சரி.

போனில் இருக்கிற வழியை நம்பாதீர்கள். ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்கள் போகிற தடம், மாடு மேய்ந்த தடம், மழைத் தண்ணீர் அறுத்த தடம் எல்லாம் தரையில் ஒரே மாதிரிதான் இருக்கும். மழை முடிந்த மாதங்களில் புல் தோளுக்கு நிற்கும். பத்தடி முன்னால் போகிறவரே தெரியமாட்டார். சிக்னலும் பல இடங்களில் கிடையாது. எந்தத் தடம் எங்கே போய் முடியும் என்பது அங்கேயே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

கோவையிலிருந்து ஒருவர்: எந்த மாதம் வந்தால் நன்றாக இருக்கும்?

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடைகளில் தண்ணீர் இருக்கும், புல் பச்சையாக இருக்கும், காலையில் வானம் தெளிவாக இருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மூணாறு பக்கம் கொட்டித் தீர்க்கும். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற போடிக்குக் காற்றும் சாரலும்தான். ஊரில் வெயில் அடிக்கிறதே என்று ஏறினால் உச்சியில் மேகம் மூடிக்கொண்டு எதுவும் தெரியாது. அக்டோபர், நவம்பரில் இந்தப் பக்கமே நல்ல மழை. மேலே பெய்தால் கொட்டகுடி ஆறு சட்டென்று ஏறிவிடும். அப்போது வராதீர்கள்.

சென்னையிலிருந்து ஒரு பெண்: பிப்ரவரி கடைசியில்தான் எங்களுக்கு லீவு கிடைக்கிறது. அப்போது பாதையை மூடிவிடுகிறார்கள் என்கிறார்களே, அவ்வளவு கண்டிப்பு தேவையா?

தேவைதான் அம்மா. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இளவயதுப் பிள்ளைகள். எங்கள் ஊரில் அந்த ஞாயிற்றுக்கிழமையை யாரும் மறக்கவில்லை.

அந்தச் சரிவுகளில் சுக்குநாறிப் புல் அதிகம். கையில் கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். அதில் எண்ணெய் இருக்கிறது. பிப்ரவரி பிறந்ததும் தண்டு வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும், மிதித்தால் சடசடவென்று முறியும். ஒரு பொறி பட்டால் போதும். சரிவில் தீ கீழே இறங்குவதைவிட மேலே ஏறுவதுதான் வேகம். கீழே எரிகிற சூடு மேலே நிற்கிற புல்லை முன்கூட்டியே காய்ச்சி வைத்துவிடும். பகலில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கித்தான் வீசும். மனிதன் மூச்சிரைக்க ஏறுவதைவிடத் தீ பல மடங்கு வேகமாக ஏறும். அதனால்தான் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பாதைகளை மூடுகிறார்கள்.

புகையைப் பார்த்தால் உச்சியை நோக்கி ஓடாதீர்கள். குறுகலான வறண்ட ஓடைக்குள்ளும் இறங்காதீர்கள், அது புகைபோக்கி மாதிரி தீயை மேலே இழுக்கும். பக்கவாட்டில் நகர்ந்து அகலமான பாறையையோ, ஏற்கெனவே எரிந்து கரிந்த இடத்தையோ பிடிக்க வேண்டும். வழிகாட்டி சொல்கிற திசையில் எல்லோரும் சேர்ந்தே போக வேண்டும்; பிரிந்து ஓடக் கூடாது. நைலான் துணி சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்தி அப்படி ஒட்டாது.

லீவை ஜனவரிக்கு மாற்றிக் கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் அடுத்த வருடம் வாருங்கள்.

திருச்சியிலிருந்து ஒருவர்: கொழுக்குமலைக்கு ஜீப்பில் போவதும் நடந்து போவதும் ஒன்றா?

சூரிய உதயம் பார்ப்பதுதான் ஆசை என்றால் ஜீப்பே போதும். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டிப் பாதை கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்துதான் வருகிறது. போடிமெட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இடம் சுமார் 8,000 அடி உயரம். போடியைவிட 12 டிகிரியாவது குளிர் கூடுதலாக இருக்கும், காற்றும் சேர்ந்துகொள்ளும். கீழே வியர்க்கிறது என்று ஸ்வெட்டரை அறையிலேயே வைத்துவிட்டு வந்து நடுங்குகிறவர்கள் நிறைய. அங்கிருந்து பார்த்தால் தெரிகிற மீசைப்புலிமலை 2,640 மீட்டர். அதில் ஏற மூணாறில் கேரள வன வளர்ச்சிக் கழகத்திடம்தான் பதிவு செய்ய வேண்டும்.

சேலத்திலிருந்து ஒரு ஆசிரியர்: டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்கிறார்களே, அங்கே ரயில் ஓடியதா ஐயா?

மேலே உண்மையிலேயே ஓடியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை கொண்டுவர 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடு கட்டி இழுத்தார்கள். 1908-ல் அதை எடுத்துவிட்டுச் சிறிய ரயில் விட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கும், அங்கிருந்து போடிக்கு வரும். சென்ட்ரல் ஸ்டேஷன் அந்த ரோப்வேயின் நடுப்புள்ளி. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது.

இந்தப் பாதைகள் எல்லாம் சரக்குக்கும் தோட்ட வேலைக்கும் ஏற்பட்டவை. முதுவாக்குடி மக்கள் இன்றைக்கும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். தலையில் சுமையோடு ஒருவர் எதிரே வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி நின்று முதலில் அவருக்கு வழி விடுங்கள்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: ஏறுவதற்கு உடம்பைத் தயார் செய்கிறேன். மாடிப்படி ஏறினால் போதுமா?

ஏறினால் மட்டும் போதாது, இறங்கியும் பழகுங்கள். ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும், நின்று ஆற்றிக்கொள்ளலாம். இறக்கத்தில் முட்டியும் தொடையும் அடி வாங்கும். மதியத்துக்கு மேல் கால் நடுங்கத் தொடங்கும்போதுதான் சறுக்கி விழுகிறார்கள். ஒரு மாதமாவது படி இறங்கிப் பழகுங்கள். வருவதற்கு முன்னால் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் இறங்கும்போது ஷூவில் இடித்து இடித்துக் கறுத்துப்போகும். புது ஷூவை மலையில் பழக்காதீர்கள். ஒரு கம்பு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், அதோடு இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு சகோதரி: அட்டைக்கு என்ன செய்வது? யானை வருமா?

மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் அட்டை இருக்கும். பேன்ட்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பினால் விட்டுவிடும். கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், பயம் வேண்டாம். யானையை விடக் காட்டுமாட்டுக்குத்தான் நான் அதிகம் கவனமாக இருப்பேன். தனியாக நிற்கிற காளையைக் கண்டால் போட்டோவுக்குக் கிட்டே போகாமல் சத்தமில்லாமல் பின்வாங்குங்கள்.

தேனியிலிருந்து ஒரு தம்பி: அம்மாவுக்கு முட்டி வலி. ஆனாலும் மலை பார்க்க வேண்டும் என்கிறார்.

போடிமெட்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார வையுங்கள். முந்தலைத் தாண்டியதும் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப் போக ஊர் முழுக்கக் கீழே விரியும். முடிந்தால் ஊருக்குப் பக்கத்திலேயே பரமசிவன் மலைக்கோயில் இருக்கிறது, காலை வெயில் ஏறுவதற்குள் நிதானமாகப் போய்வரலாம்.

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வாசகி: குறிஞ்சி எப்போது பூக்கும்? கொஞ்சம் பறித்துக்கொண்டு வரலாமா?

கொழுக்குமலைச் சரிவுகளில் 2018-ல் பூத்தது. பன்னிரண்டு வருடக் கணக்குப்படி அடுத்தது 2030. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பார்க்கலாம். பறிக்காதீர்கள் அம்மா. அந்தச் செடி ஒரே ஒரு முறை பூத்து, விதை விட்டு, காய்ந்துவிடும். அந்த விதையிலிருந்து முளைப்பதுதான் 2042-ல் பூக்க வேண்டும். பூக்கிற சமயம் மழை மாதமாகவும் இருக்கும், கூட்டமும் அதிகம். சூரியநெல்லியில் முதல் நாளே தங்கி விடியற்காலை ஜீப்பைப் பிடித்துவிடுங்கள், வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது.