கனமான மவுத்பீஸ் போட்டால் டியூபா முழங்குமா?

கேள்வி: சர்ச் பேண்டில் நான்கு வருடமாக பி ஃபிளாட் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசிக்கிறேன். உதடு வைத்து ஊதும் முனையான மவுத்பீஸ், இப்போது இருப்பதற்குப் பதிலாகக் கனமானதைப் போட்டால் சத்தம் இரண்டு மடங்காகும் என்கிறார் கடைக்காரர். விலையும் இரண்டு மடங்கு. வாங்கலாமா?

பதில்: தம்பி, இரண்டு மடங்காவது விலை மட்டும்தான்.

ஒலியை உண்டாக்குவது உங்கள் உதடும் மூச்சும். அதன் குணத்தைத் தீர்மானிப்பது மவுத்பீஸின் உள்பக்கம்: உதடு பதியும் விளிம்பு, கிண்ணத்தின் ஆழம், அடியில் இருக்கும் துளை. கனமான வகையில் கூடுவதோ வெளிப்பக்கத்துப் பித்தளை. வாசிக்கும்போது மவுத்பீஸும் கொஞ்சம் அதிரும். எடை கூடினால் அந்த அதிர்வு குறையும். அதனால் உரக்க ஊதும்போது சுரம் சிதறாமல் கெட்டியாக நிற்பது போல இருக்கும். மெதுவாக வாசிக்கும் இடத்தில் அதே சுரம் சட்டென்று பிடிபடாமல் மந்தமாகும். இதையெல்லாம் உணர்வது பெரும்பாலும் வாசிக்கிற நீங்கள்தான். பத்தாவது பெஞ்சில் இருப்பவருக்கு அநேகமாக எதுவும் தெரியாது.

கடையில் ஒரு வித்தை நடக்கும். உங்கள் கையில் தரும் கனமான மவுத்பீஸுக்குக் கிண்ணமும் ஆழமாக இருக்கும். ஊதியதும் குரல் தடித்த மாதிரி தெரியும். அது ஆழத்தின் வேலை, எடையின் வேலை இல்லை. உங்களுடையது எந்த அளவோ, அதே அளவில் வரும் கனமானதோடுதான் ஒப்பிட வேண்டும். நண்பர் ஒருவரை ஹாலின் கடைசியில் திரும்பி நிற்கச் சொல்லி, எதை மாட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லாமல் மாற்றி மாற்றி ஊதுங்கள்.

இதைவிட மோசமானது ஷேங்க் விஷயம். ஷேங்க் என்பது டியூபாவுக்குள் செருகும் மவுத்பீஸின் வால்; அதற்கு ஒரே தடிமன் கிடையாது. அமெரிக்க அளவு ஒன்று, அதைவிடத் தடித்த ஐரோப்பிய அளவு ஒன்று, பழைய பிரிட்டிஷ் ஈ ஃபிளாட் டியூபாக்களுக்கு மெல்லிய அளவு ஒன்று. தடித்தது வெளியே துருத்தி நின்று சுருதியை இறக்கும். மெல்லியது உள்ளே போய் ஆடும். "எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்" என்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். பெரிய கம்பெனி முத்திரை குத்திய போலிகளைக் கமிஷனுக்குத் தள்ளிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள்; முத்திரை அடிப்பது ஐந்து நிமிட வேலை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மூன்று கொட்டேஷன் வாங்கி, இருப்பதில் மலிவானதை எடுக்கும் கமிட்டிகளுக்கு ஷேங்க் என்று ஒன்று இருப்பதே தெரியாது. லட்சம் லட்சமாகக் கொடுத்து டியூபா வாங்குவார்கள், கூட வந்த மவுத்பீஸ் பொருந்துகிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. கடைசியில் "பையனுக்கு ஊதத் தெரியல" என்பார்கள்.

கனமானது உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு: தெருவில் போகும் ஊர்வலம். ஒலியைத் திருப்பித் தரச் சுவர் இல்லை, பக்கத்தில் டிரம் அடிக்கிறது, நீங்களும் முழு மூச்சையும் கொட்டுகிறீர்கள். அப்போது கீழ் சுரங்கள் பிளந்து பிளிறினால் கூடுதல் எடை கொஞ்சம் தாங்கும். ஆனால் பிளப்பது எங்கே என்று முதலில் பாருங்கள். சர்ச்சுக்குள் நடுத்தர சத்தத்திலும் பிளந்தால் குறை உதட்டில். எந்தப் பித்தளையும் அதைச் சரிசெய்யாது. தெருவில் மட்டும், அதுவும் உச்ச சத்தத்தில் மட்டும் பிளந்தால் கனமானதை யோசிக்கலாம். அப்போதும் பழையதை விற்றுவிடாதீர்கள், மெதுவான பாட்டுக்கு அதுதான் வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. இருக்கிற மவுத்பீஸின் கிண்ணத்தைச் சுற்றி ஒரு சுற்று டேப் ஒட்டி, அதன் மேல் தடித்த செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, அடுத்த ஊர்வலத்தில் வாசித்துப் பாருங்கள். கம்பியை இறுக்கிச் சுற்ற வேண்டும், தளர்வாக இருந்தால் அதுவே தனியாகக் கிணுகிணுக்கும். ஈயத்தைச் சுற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; வாயில் வைக்கிற பொருள், ஈயம் விஷம்.