ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். எடை குறைக்க ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், செய்துகொள்ள நினைப்பவர்கள், அவர்களைப் பெற்ற அம்மாக்கள் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். சர்க்கரைக்குக் கம்பு நல்லதா என்று கேட்ட மணப்பாறை வாசகர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்லீவ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு மட்டும் நாலு வரி. இரைப்பையின் வெளிப்பக்கத்தை நீளவாக்கில் வெட்டி, ஏறக்குறைய முக்கால் பாகத்தை லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை) மூலம் எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது குழாய் போன்ற ஒரு பகுதி. 100 முதல் 150 மில்லி வரை பிடிக்கும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் மேல்பகுதியும் வெட்டியதோடு போய்விடுவதால், ஆரம்ப மாதங்களில் பசியே தெரியாது. குடலைத் தொடுவதில்லை. வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்கவும் முடியாது. சரி, கடிதங்களுக்குப் போவோம்.

மேடம், எனக்கு 38 வயது. பள்ளி ஆசிரியை. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. 112 கிலோவில் இருந்து 93க்கு வந்தேன். இப்போது மூன்று வாரமாக எடை இறங்கவே இல்லை. தலைமுடி வேறு கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். ரசம் சாதம், இட்லி, ஜூஸ் மட்டும்தான் இறங்குகிறது. ஆபரேஷன் தோற்றுவிட்டதா?
– வாசகி, கரூர்

மூன்று மாதத்தில் 19 கிலோ குறைந்தவர் கேட்கிற கேள்வியா இது, டீச்சர்? முதல் வாரங்களில் எடை மளமளவென்று இறங்கும். அதில் உடம்பில் இருந்த தண்ணீருக்கும் பெரிய பங்கு உண்டு. அதற்கு அப்புறம் நின்று நின்றுதான் இறங்கும். இரண்டு மூன்று வாரம் நிற்பது எல்லோருக்கும் நடக்கிறது. தினமும் காலையில் எடை பார்க்கும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். வாரம் ஒரு நாள் போதும். அந்த மூன்று வாரத்தில் உங்கள் பிளவுஸ் தொளதொளவென்று ஆகியிருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள்.

முடி விஷயம். ஆபரேஷன் என்ற அதிர்ச்சியிலும் எடை சட்டென்று இறங்குவதிலும், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் நிறைய ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடுகின்றன. அவைதான் மூன்றாவது, நான்காவது மாதத்தில் கொட்டுகின்றன. வேர் சாகவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப முளைத்துவிடும். ஆனால் புரோட்டீனும் இரும்புச்சத்தும் குறைவாக இருந்தால் கொட்டுவது நீண்டுகொண்டே போகும். விளம்பரத்தைப் பார்த்து பயோட்டின் மாத்திரை வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவே தப்பாக வரும். அந்தக் காசுக்குப் பன்னீர் வாங்குங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். உங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரோட்டீன் வேண்டும். இட்லி ஒன்றில் இரண்டு கிராம் தேறினால் அதிகம். ரசம் சாதத்தில் பேருக்கு ஏதோ இருக்கிறது. ஜூஸில் சர்க்கரை தவிர எதுவும் இல்லை. நம் வீடுகளில் உடம்பு சரியில்லாதவருக்குக் கொடுக்கும் சாப்பாடு இது. ஒரு வாரம் சாப்பிடலாம், மூன்று மாதம் சாப்பிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும்.

சைவத்திலேயே 60ஐத் தொடலாம். காலையில் 200 மில்லி பாலில் ஒரு கரண்டி வே புரோட்டீன் (பாலில் இருந்து எடுப்பது) பவுடர் கலந்தால் 25 கிராமுக்கு மேல் வந்துவிடும். அதை ஒரே மூச்சில் குடிக்காமல், ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் வைத்துக்கொண்டு உறிஞ்சுங்கள். உலர்ந்த சோயா உருண்டை 20 கிராமை ஊறவைத்துப் பிழிந்து, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுக் கைமா மாதிரி செய்தால் பத்து கிராம். பன்னீர் 50 கிராமில் ஒன்பது. மிச்சத்துக்குப் பாசிப்பயறு அடை, கெட்டிப் பருப்பு, நீர் வடித்த தயிர். சாப்பிடும்போது வரிசை மாறக் கூடாது. பருப்பு, பன்னீர், சோயா எதுவோ அது முதலில். பிறகு காய். வயிற்றில் இடம் இருந்தால் மட்டும் கடைசியாகச் சோறு. இடம் இல்லையென்றால் சோறு வேண்டாம். சோறு சாப்பிடாமல் எழுந்தால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது என்பீர்கள், தெரியும். பழகிவிடும்.

மேடம், நான் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், வயது 46. பத்து வருடமாகச் சுகர். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். பழைய மாத்திரைகளையே (கிளிமிபிரைட், மெட்ஃபார்மின், பிரஷருக்கு ஒன்று) தொடர்கிறேன். காலை பதினொரு மணிக்கு வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டுகிறது. சத்துக் குறைவா?
– வாசகர், திருப்பூர்

இந்தப் பதில் அச்சாகும் வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்குத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இது சத்துக் குறைவு இல்லை, லோ சுகர். சாப்பாடு கால்வாசியாகிவிட்டது, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போனால் வேறு என்ன ஆகும்? கிளிமிபிரைட் வகை மாத்திரையும் இன்சுலினும்தான் இப்படிக் கீழே தள்ளும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அபூர்வம். கிளிமிபிரைட் அளவை உடனே டாக்டரிடம் பேச வேண்டும். பிரஷர் மாத்திரைக்கும் இதே கதை. எழுந்து நின்றதும் தலை சுற்றினால் அதன் அளவையும் டாக்டரிடம் பேச வேண்டும். மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பேக்கரிக்கு ஓடி ஸ்வீட் சாப்பிட வேண்டாம்.

அக்கா, ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். சிக்கனோ பிரெட்டோ சாப்பிட்டால் நெஞ்சில் அடைத்து, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறி, வாந்தி வந்தால்தான் நிம்மதி. இது வழக்கம்தான் என்று பக்கத்து வீட்டில் ஆபரேஷன் செய்தவர் சொல்கிறார்.
– வாசகி, தூத்துக்குடி

அடைப்பது வழக்கம்தான், வாந்தியை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. காய்ந்த சிக்கன், மாவாகப் பிசுபிசுக்கும் பிரெட், குழைந்து ஒட்டும் சோறு ஆகிய மூன்றும்தான் அதிகம் மாட்டும். உங்கள் ஊரில் மீனுக்கா பஞ்சம்? குழம்பில் வெந்த மீன் சிக்கனைவிட எளிதாக இறங்கும். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வாய், கூழாகும் வரை மெல்வது, விழுங்கியதும் கரண்டியைக் கீழே வைப்பது. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான்.

இப்போது பயமுறுத்துகிறேன், பயப்படுங்கள். எது சாப்பிட்டாலும், தண்ணீர்கூட நிற்காமல், நாள்கணக்கில் வாந்தி வந்தால் அது வேறு விஷயம். குழாய் எங்காவது சுருங்கியிருக்கலாம், எண்டோஸ்கோபி தேவைப்படும். அதைவிட அவசரம் வைட்டமின் பி1, அதாவது தயமின். உடம்பில் அதன் சேமிப்பு சில வாரங்களுக்குத்தான் வரும். அது தீர்ந்தால் பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். கவனிக்காமல் விட்டால் மூளையில் நிரந்தரப் பாதிப்பு. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் வாந்திக்கு முதல் வேலையாகக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். அதற்கு முன்பே தயமின் ஊசி போட வேண்டும், ஏனென்றால் இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் குளுக்கோஸ் செலவழித்துவிடும். அதனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வாக்கியமே “எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் ஆகியிருக்கிறது” என்பதாக இருக்கட்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

அம்மா, என் மகளுக்கு 27 வயது, பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் ஆபரேஷன். இப்போது மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. கல்யாணமாகி மூன்று வருடம் ஆவதால் சம்பந்தி வீட்டில் அவசரப்படுகிறார்கள். டாக்டரோ இப்போது வேண்டாம் என்கிறார்.
– ஒரு தாய், திண்டுக்கல்

டாக்டர் சொல்வது சரி. ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பதுதான் பொதுவான அறிவுரை. எடை வேகமாக இறங்கும் நேரத்தில் தாய்க்கே சத்துப் போதாது, பிள்ளைக்கு எங்கிருந்து கொடுப்பாள்? இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், எடை இறங்கியதும் கரு நிற்கும் வாய்ப்பு சட்டென்று கூடிவிடும். மூன்று வருடம் நிற்கவில்லையே, இப்போது மட்டும் என்ன என்று மகளும் மருமகனும் அலட்சியமாக இருக்க வேண்டாம். தடுப்பு முறை பற்றி மகப்பேறு டாக்டரிடம் இப்போதே பேசட்டும். சம்பந்தியம்மாவிடம் அடுத்த வருடம் என்று ஒரு தேதியைச் சொல்லிவிடுங்கள், வாய் அடங்கும். பிறகு கர்ப்பமானதும் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சுகர் டெஸ்டை டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர் ஒரேயடியாகக் குடலுக்கு இறங்கிப் படபடப்பும் மயக்கமும் வரலாம். அதற்குப் பதில் சில நாள் வீட்டிலேயே மீட்டரில் பார்த்துக் கணக்கு வைப்பார்கள்.

மேடம், எனக்கு 41 வயது, ஐ.டி. கம்பெனி. 138 கிலோவில் இருந்து ஒன்றரை வருடத்தில் 88க்கு வந்தேன். இப்போது மூன்று வருடம் முடிந்து 101. நான் அதிகம் சாப்பிடுவதே இல்லை. மதியம் இரண்டு சப்பாத்திக்கே வயிறு நிறைகிறது. சாயங்காலம் டீ, கொஞ்சம் மிக்சர், முறுக்கு. வாரக் கடைசியில் இரண்டு பெக். வயிறு பழையபடி விரிந்துவிட்டதா? இரண்டாவது ஆபரேஷன் வேண்டுமா?
– வாசகர், அம்பத்தூர்

இரண்டு சப்பாத்திக்கே நிறைகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியென்றால் வயிறு ஒழுங்காகத்தான் இருக்கிறது. பழுது மிக்சரில். முறுக்கு, மிக்சர், சிப்ஸ், பிஸ்கட் எல்லாம் எச்சிலிலேயே கரைந்து குழாய் வழியே வழுக்கிக்கொண்டு போகும், வயிறு நிறைந்த சேதியே வராது. ஒரு துண்டு கோழிக்கு நிறையும் அதே வயிறு, அரை பாக்கெட் மிக்சருக்கு நிறையாது. ஐஸ்கிரீம், பாயசம், கூல்டிரிங்ஸ் எல்லாம் இதே ஜாதி. டீ எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு ஐந்து டீ என்றால் பத்து ஸ்பூன், 200 கலோரி.

பெக் விஷயத்தில் நான் கறாராகவே சொல்கிறேன். ஸ்லீவ் ஆனவர்களுக்கு மது வேகமாக ரத்தத்தில் ஏறும். பழைய இரண்டு பெக் இப்போது இரண்டு பெக் இல்லை. சாப்பாட்டில் கிடைத்த சுகம் போனதும் குடியில் போய் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. இதை ஆபரேஷனுக்கு முன் எல்லோரிடமும் உட்கார்த்திவைத்துச் சொல்ல வேண்டும், பல இடங்களில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுப்பதோடு சரி.

பசி இல்லாத அந்த முதல் வருடம் ஆபரேஷன் கொடுக்கும் சலுகை. அதில் சாப்பிடும் முறை மாறியிருந்தால் பிழைத்தீர்கள். இறங்கி நின்ற எடையில் இருந்து சில கிலோ ஏறுவது சாதாரணம், 13 கிலோ அப்படி விடக்கூடியது இல்லை. ஒரு வாரம் வாயில் போவது எல்லாவற்றையும், நின்றுகொண்டே கொறித்ததையும் சேர்த்து, போனில் எழுதுங்கள். நைட் ஷிஃப்ட் உண்டா, தூக்கம் எத்தனை மணி நேரம் என்றும் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். கோபித்துக்கொள்வார்களோ என்று போகாமல் இருப்பவர்கள்தான் அதிகம். ஸ்லீவை பைபாஸாக (இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேராகக் குடலோடு இணைப்பது) மாற்றும் இரண்டாவது ஆபரேஷன் உண்டு. ஆனால் மருந்துக்கு அடங்காத நெஞ்செரிச்சல், உண்மையிலேயே போதாத எடைக் குறைவு போன்றவற்றுக்குத்தான் அது. எடை குறைக்க வாரம் ஒரு முறை போடும் மவுஞ்சாரோ ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறியவர்களுக்கும் டாக்டர்கள் அதைக் கொடுக்கிறார்கள். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும் என்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள். மிக்சரையும் ஊசியையும் சேர்த்து நடத்தலாம் என்ற யோசனை வேண்டாம்.

கல்யாணப் பந்தியில் கால்வாசி சாப்பிட்டு எழுந்தால் எல்லோரும் என்ன ஏது என்று கேட்கிறார்கள். ஆபரேஷன் செய்ததைச் சொல்லலாமா?
– வாசகி, நாமக்கல்

உங்கள் இஷ்டம். சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. “சுகர் இருக்கு” என்றால் நம் ஊரில் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள், ஆளுக்கொரு கைவைத்தியம்தான் சொல்வார்கள். பந்தியில் உட்காரும்போதே சோறும் பாயசமும் வேண்டாம் என்று இலையை மறித்துவிடுங்கள். விழுந்தபின் மீதி வைப்பதுதான் கண்ணில் படும்.

மாத்திரைகளை எத்தனை வருடம் சாப்பிட வேண்டும்?
– வாசகர், விருதுநகர்

ஆயுசுக்கும். மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, கால்சியம் சிட்ரேட், தேவைப்பட்டால் இரும்புச்சத்து. இரும்பும் கால்சியமும் ஒன்றாக வேண்டாம், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்குவது வீண். ரத்தப் பரிசோதனை முதல் வருடத்தில் சில முறை, பிறகு வருடம் ஒரு முறை. மூட்டுவலி, தலைவலி என்று கடையில் நீங்களாகவே டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள், இரைப்பை புண்ணாகும்.

எனக்கு 29 வயது, 160 செ.மீ. உயரம், 78 கிலோ. சுகர், பிரஷர் எதுவும் இல்லை. அடுத்த வருடம் கல்யாணம். நானும் ஸ்லீவ் செய்துகொள்ளலாமா? இன்ஷூரன்ஸ் கொடுப்பார்களா?
– வாசகி, ஈரோடு

உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, 30.5. இன்ஷூரன்ஸ் விதிப்படி 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து கூடவே கட்டுக்கடங்காத சுகர், இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்ற ஒன்று இருக்க வேண்டும். டாக்டரின் பரிந்துரையும், மற்ற வழிகள் பலிக்கவில்லை என்பதும் தேவை. அதனால் பணம் வராது. ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5லிருந்தே இந்த ஆபரேஷனை யோசிக்கலாம் என்று 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் இருக்கிறது, அதைக் காட்டிச் செய்துகொடுக்கிற இடங்களும் இருக்கும். கல்யாணத் தேதிக்காக இரைப்பையை வெட்டிக்கொள்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. முதலில் தைராய்டு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, மாதவிலக்கு ஒழுங்கில்லை என்றால் ஸ்கேன், மூன்றையும் பாருங்கள். முடிவுகளோடு, ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டதையும் எழுதி அனுப்புங்கள். டீயையும் விடாமல் எழுதுங்கள்.