கனடாவில் கஞ்சா எல்லோருக்கும் கிடைக்கிறது, மாமியின் எண்ணெய் மட்டும் கிடைக்கவில்லை

கேள்வி இதுதான்: கனடாவில் 2018-இல் கஞ்சாவை எந்த வயதுவந்தவரும் வாங்கலாம் என்று ஆனபின், அதற்கு முன்பே அதை மருந்தாக எடுத்துவந்த நோயாளிகளுக்கும் அவர்களுக்கு விற்ற கம்பனிகளுக்கும் அது நல்லதாக முடிந்ததா?

கம்பனிகளுக்கு இல்லை, அதுவும் அவர்களே ஓடிப்போய்க் கட்டிப்பிடித்த நட்டம். நோயாளிகளுக்குக் கடை கூடியது, கவனிப்பு குறைந்தது.

நான் இதை இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன். 2017-இலிருந்து 2019 வரை ஒன்ராறியோவில் மருத்துவக் கஞ்சா அனுப்பும் ஒரு கம்பனியில் (பெயர் வேண்டாம்) நோயாளிகளுடன் தொலைபேசியில் கதைக்கும் வேலை. அதே காலத்தில் ஸ்காபரோவில் இருக்கும் என் மாமி, கீமோ முடிந்தபின் கால்விரல்களில் வந்த எரிவுக்காக இரவில் கஞ்சா எண்ணெய் எடுக்கத் தொடங்கியிருந்தார். யாழ்ப்பாணத்து ஆள், கஞ்சா என்றால் கேரளாவிலிருந்து வள்ளத்தில் வந்து பிடிபடும் பொதிதான் அவருக்குத் தெரியும். சித்த வைத்தியத்திலும் இது இருக்கிறது மாமி என்று சொல்லிச் சம்மதிக்க வைக்கவே எனக்கு ஒரு மாதம் போனது.

முதலில் ஒரு விஷயம். வெளியில் இருப்பவர்கள் கனடாவில் எல்லாமே 2018-இல்தான் தொடங்கியது என்று நினைக்கிறார்கள். இல்லை. வலிப்பு நோய் இருந்த டெரன்ஸ் பார்க்கர் என்பவர் வழக்காடி, 2000-இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2001-இல் நோயாளிகளுக்கென்று தனி விதிகள் வந்தன. 2014 அளவில் உரிமம் பெற்ற கம்பனிகள் வளர்த்துத் தபாலில் அனுப்பும் முறை வந்தது. காய்ந்த பூவை மட்டும்தான் விற்கலாம், எண்ணெய் கூடாது என்று இருந்ததை 2015-இல் உச்ச நீதிமன்றம் உடைத்தது. மாமியின் போத்தல் அந்தத் தீர்ப்பின் புண்ணியம். இதில் முக்கியமான படிகள் நோயாளிகளுக்காக நீதிமன்றம் ஏறி வாங்கியவை. பொழுதுபோக்குச் சந்தை வந்து உட்கார்ந்தது அவர்கள் போட்ட திண்ணையில்.

2017-இல் எங்கள் வேலை எப்படி இருந்தது என்று சொல்கிறேன். புதிதாக ஒருவர் பதிவானால் முதல் மாதத்திலேயே இரண்டு தடவை நாங்களாக அழைப்போம். எவ்வளவு எடுத்தீர்கள், தலை சுற்றியதா, நித்திரை வந்ததா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டு எழுதி வைப்போம். சந்தேகம் என்றால் பக்கத்து மேசையில் இருந்த தாதியிடம் அழைப்பை மாற்றுவோம். மாமிக்கு அந்தத் தாதி சொன்ன கணக்கு: படுக்கப் போவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு கால் மில்லி லீட்டர், ஒரு கிழமைக்குக் கூட்டக் கூடாது. ஊசியில்லாத சின்ன சிரிஞ்சில் இழுத்து நாக்குக்குக் கீழே விட்டுக்கொள்வார், பிறகு வாயைக் கோணலாக்கிக்கொண்டு ஒரு துண்டு பனங்கற்கண்டு. போத்தல் இருந்தது சமையலறைத் தட்டில், பெருங்காய டப்பாவுக்குப் பின்னால். மருமகள் பார்க்கக் கூடாதாம். மருமகளுக்கு முதல் நாளே தெரியும், அது வேறு கதை.

அப்புறம் 2018 ஒக்ரோபர் 17.

அன்றிலிருந்து சில மாதங்கள் நான் தொலைபேசியில் அதிகம் சொன்ன வாக்கியம் 'இப்போது கையிருப்பில் இல்லை' என்பதுதான். மாகாணங்களுக்கு அனுப்புவதாகக் கம்பனிகள் ஒப்பந்தம் போட்டிருந்தன, விளைச்சல் அதற்குக் காணவில்லை. வரி முத்திரை என்று ஒரு சின்னத் தாள் ஒவ்வொரு பொதியிலும் ஒட்டப்பட வேண்டும், மாகாணத்துக்கு ஒரு நிறம். அரசாங்கம் அனுப்பிய முத்திரையில் பசையே இல்லை. சிரிக்காதீர்கள், அந்தத் துறை முழுவதும் பசையால் நின்றது. போதாததற்கு 22-ஆம் தேதியிலிருந்து தபால்காரர்கள் நகரம் நகரமாக வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கடைக்குப் போய் வாங்குங்கள் என்று சொல்லவும் வழியில்லை, ஒன்ராறியோவில் முதல் 25 கடைகளுக்கான உரிமம் குலுக்கலில் கொடுக்கப்பட்டு 2019 ஏப்ரலில்தான் கதவு திறக்கத் தொடங்கினார்கள். பொழுதுபோக்குக்கு வாங்குபவருக்குப் பொதி ஒரு கிழமை பிந்தினால் எரிச்சல், அவ்வளவுதான். கைகால் இழுப்பு வரும் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாய் காத்திருப்பது வேறு. அப்படி அழைத்த ஒருவரிடம் நான் தாளைப் பார்த்துப் படித்த மன்னிப்பை இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சரி, தட்டுப்பாடு ஒரு வருடத்தில் தீர்ந்தது, பிறகு கஞ்சா கொட்டிக் கிடந்தது. தீராதது வரி. பூவுக்குக் கிராமுக்கு 1 டொலர் அல்லது 10 சதவீதம், எது கூடவோ அது. எண்ணெய்க்கு 2019 மே மாதத்திலிருந்து டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) ஒரு மில்லிகிராமுக்கு ஒரு சதம். கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். ஆனால் ஒரு மில்லி லீட்டருக்கு 25 மில்லிகிராம் டிஎச்சி உள்ள 30 மில்லி லீட்டர் போத்தலை எடுங்கள்: 750 மில்லிகிராம், ஏழரை டொலர். அதற்கு மேல் ஒன்ராறியோவில் 13 சதவீத விற்பனை வரி. மருந்துச்சீட்டில் எழுதி மருந்தகத்தில் வாங்கும் மாத்திரைக்கு அந்த விற்பனை வரி கிடையாது. வைத்தியர் கையெழுத்துப் போட்ட பத்திரத்தோடு வாங்கும் கஞ்சாவுக்கு உண்டு, வார இறுதிக் கொண்டாட்டத்துக்கு வாங்குபவர் கட்டும் அதே வரி. டிஎச்சி மிகக் குறைந்த சிபிடி (கஞ்சாவில் போதை தராத பொருள்) எண்ணெய்க்கு மட்டும் கஞ்சா வரி இல்லை. சில கம்பனிகள் நோயாளிகளின் வரியைத் தாங்களே கட்டுகிறோம் என்றன, அது அவர்கள் கையில் காசு இருந்தவரை. நோயாளிகள் சங்கங்கள் இதை ஆரம்பத்திலிருந்தே கத்திக்கொண்டிருக்கின்றன. என் அபிப்பிராயத்தில் அந்தச் சட்டத்தில் நியாயமே சொல்ல முடியாத பகுதி இதுதான்.

கம்பனிகளின் கதைக்கு ஸ்மித்ஸ் ஃபோல்ஸ் என்ற சின்ன ஊர் போதும். ஹெர்ஷி சொக்லேட் தொழிற்சாலை மூடிப்போன கட்டடத்தில் மருத்துவக் கஞ்சா வளர்க்கத் தொடங்கிய கம்பனிதான் பிறகு கனோபி குரோத் ஆனது. 2018-இல் கொரோனா பியரை அமெரிக்காவில் விற்கும் கொன்ஸ்டலேஷன் பிராண்ட்ஸ் அதில் 5 பில்லியன் கனடிய டொலர் போட்டது. அடுத்த வருடம் ஜூலையில் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான புரூஸ் லின்டனையே வீட்டுக்கு அனுப்பினார்கள். 2023-இல் 800 பேரைக் குறைத்து அந்தக் கட்டடத்தையும் மூடுவதாக அறிவித்தார்கள். வாங்கியது யார் தெரியுமா, ஹெர்ஷியேதான்.

காரணம் சிக்கலானதில்லை. கிராம் 10 டொலருக்கு விற்கும் என்று நினைத்து அந்த 1 டொலர் வரியைப் போட்டார்கள், விலை பாதிக்கும் கீழே விழுந்தது, வரி விழவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கஞ்சா வளர்க்கும் கண்ணாடி வீடுகள் கட்டினார்கள். மாகாண மொத்த விற்பனை நிறுவனம் தன் பங்கை எடுத்த பிறகு வளர்த்தவனுக்கு மிஞ்சியது கொஞ்சம். நோயாளிக்கு நேரடியாக அனுப்பினால் நடுவில் யாருமில்லை. அந்தக் கணக்கை ஒரோரா போன்ற கம்பனிகள் சுற்றிப் போய்க் கண்டுபிடித்தன: எட்மன்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டிய பிரமாண்டமான வளர்ப்புக்கூடத்தை மூடிவிட்டு, மருத்துவப் பக்கமும் ஜேர்மனி, அவுஸ்திரேலியா ஏற்றுமதியும்தான் இலாபம் என்று திரும்பி வந்தார்கள். அப்படித் திரும்பியவர்களின் கண் முதலில் போனது முன்னாள் இராணுவத்தினர் மீது, ஏனென்றால் அவர்களுக்கு நாளுக்கு 3 கிராம் வரை, பல வருடம் கிராமுக்கு 8.50 டொலர் வரை அரசாங்கம் கொடுத்துவந்தது. தன் பையிலிருந்து கொடுக்கும் மாமி போன்றவர்கள் மீது அல்ல.

எங்கள் கம்பனியிலும் அதேதான், சின்ன அளவில். 2019-இல் முதலில் போனது தாதியின் மேசை, பிறகு நாங்கள். மாமியின் எண்ணெய் (டிஎச்சியும் சிபிடியும் சமமாக இருந்தது) பட்டியலிலிருந்து காணாமல் போனது. அதே ஆலையில் பழச்சுவை கம்மி மிட்டாய் வரப்போகிறது என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள்.

அடுத்த வருடம் மாமியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சின்னப் பிள்ளைகள் உள்ளே பார்க்கக் கூடாது என்பதால் கண்ணாடியெல்லாம் வெள்ளையாக மறைத்திருந்தார்கள், வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். 'தம்பி, இது ஏதோ கூடாத இடம் போலக் கிடக்கு' என்று மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே நின்ற பையன் மிக நல்ல பிள்ளை. ஆனால் கால் எரிவுக்கு எது நல்லது என்று நான் கேட்டதும், மருத்துவ ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை, மன்னியுங்கள் என்றான். அவன் செய்தது சரி, சட்டம் அப்படி. பிறகு அவன் காட்டியது பீச் சுவை மிட்டாய், ஒரு பொதியில் மொத்தமே 10 மில்லிகிராம் டிஎச்சி, அதற்கு மேல் போடக் கூடாது. மருந்தகத்தில் விற்கலாமே என்று மாமி கேட்டார். அதற்கும் அனுமதி இல்லை. ஷொப்பர்ஸ் மருந்தகங்கள்கூட இணையம் வழியாகத்தான் மருத்துவக் கஞ்சா விற்றன, 2023-இல் அதிலிருந்தும் விலகிவிட்டன.

நல்லது ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் பொய். விலை இறங்கியது. கையெழுத்துப் போட மறுக்கும் குடும்ப வைத்தியரிடம் கெஞ்சத் தேவையில்லை. பொலிஸ் பயம் போனது. சட்டம் வந்தபோது மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல் இருந்த மருத்துவப் பதிவுகள் பின்னர் இரண்டு லட்சம் அளவுக்கு இறங்கியதற்கு இந்த வசதியும் ஒரு காரணம்: வீட்டுக்குக் கீழே கடை இருக்கும்போது வருடா வருடம் பத்திரம் புதுப்பித்துத் தபாலுக்குக் காத்திருக்க யாருக்குப் பொறுமை?

ஆனால் உங்கள் வீட்டில் யாராவது உண்மையிலேயே மருந்தாக எடுக்கிறார்கள் என்றால் அந்தப் பத்திரத்தை விடாதீர்கள். கடைப் பற்றுச்சீட்டு வருமான வரியில் மருத்துவச் செலவாக ஏறாது, பத்திரத்தோடு உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கினால் ஏறும். வேலையிடத்துக் காப்புறுதி ஏதாவது கொடுப்பதென்றாலும் அந்த வழியில்தான். பொது இடத்தில் 30 கிராமுக்கு மேல் வைத்திருக்கவும் அது வேண்டும். ஊருக்குப் போகும்போது மட்டும் எந்தப் பத்திரமும் உதவாது, கனடா எல்லைக்கு வெளியே கொண்டுபோவதே குற்றம். மாமி போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகையில் போத்தலை முறுக்குப் பெட்டிக்குள் வைத்திருந்தார், நல்ல காலம் பெட்டி கட்டியது நான்.

இப்போது மூன்றாவது கம்பனியிடமிருந்து எடுப்பிக்கிறோம். கால் மில்லி லீட்டர் கணக்கு அந்தத் தாதி சொன்னதுதான், புதிதாக யாரும் அழைத்துக் கேட்கவில்லை. போன மாதம் இணையத்தில் பார்த்தேன், அந்த எண்ணெய்க்குப் பக்கத்தில் 'கடைசி இருப்பு' என்று போட்டிருக்கிறது. மாமிக்கு இன்னும் சொல்லவில்லை, நான்கு போத்தல் வாங்கி வைத்திருக்கிறேன்.