படிப்பு ரத்தத்திலா இருக்கிறது?

கேள்வி: நானும் கணவரும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவுகிறோம். இருவருமே ஆறாம் வகுப்போடு நின்றவர்கள். மகன் இரண்டாம் ஆண்டு. இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். 'நம்ம ரத்தத்துல படிப்பு கிடையாது' என்கிறார் மாமியார். எச்சிலை எடுத்து மரபணு சோதனை செய்தால் பிள்ளையின் மூளைத்திறன் தெரிந்துவிடும் என்கிறார் வீடு தேடி வந்த ஏஜெண்டு. செய்யலாமா, டாக்டர்?

பதில்: வேண்டாம் சகோதரி. அந்தக் காசைப் பத்திரமாக வையுங்கள், வேறு செலவு இருக்கிறது.

அறிவுத்திறனில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. சுமார் 11,000 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து 2010இல் வந்த ஆய்வு, அந்தப் பங்கை 9 வயதில் 41 விழுக்காடு, 17 வயதில் 66 விழுக்காடு என்று கணித்தது. ஆனால் இது ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு. உங்கள் மகனுடைய மூளையில் இத்தனை பங்கு பரம்பரை என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது. உங்கள் நிரையையே பாருங்கள். ஒரே ரகத்து ஒட்டுமரங்களுக்கு மரபணு ஒன்றுதான். மண்ணும் உரமும் மாறினால் பாலும் மாறுகிறதே!

நீங்கள் ஆறோடு நின்றதும் சான்று ஆகாது. தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது வறுமைதான். மேலும், கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அறிவுத்திறன் மதிப்பெண்ணை 1 முதல் 5 புள்ளி வரை உயர்த்துகிறது என்று 2018இல் வந்த பெரிய தொகுப்பாய்வு காட்டியது.

அந்த எச்சில் சோதனை? 30 லட்சம் பேரின் மரபணுவை அலசிய 2022ஆம் ஆண்டு ஆய்வாலேயே, படிப்பில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் அதிகம் போனால் 16 விழுக்காட்டைத்தான் விளக்க முடிந்தது. அதுவும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம். மற்றவர்களிடம் இன்னும் குறைவு.

முதலில் அரசாங்க கிளினிக்கில் கண், காது, ரத்தம் மூன்றையும் பாருங்கள். வெண்பலகை சரியாகத் தெரியாத பிள்ளையை மந்தம் என்று சொல்லிவிடுகிறோம், எனக்கு மனம் பொறுப்பதில்லை. இரும்புச்சத்து குறைந்தால் கவனமும் நிற்காது. சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் அது தடுக்கும்.

அப்புறம், தினமும் கொஞ்ச நேரம் அவனோடு உட்கார்ந்து தமிழ்க் கதை வாசியுங்கள். நீங்கள் தடுமாறினாலும் பரவாயில்லை. சில மாதம் கழித்தும் எழுத்துகள் அவனுக்குக் குழம்பினால், டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருக்குமா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். நல்ல புத்தியுள்ள பிள்ளைகளுக்கும் அது வரும். தனிப்பயிற்சி கொடுத்தால் வாசிப்பு முன்னேறும்.